விழுந்த காம்புகள்

கோகிலா சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். "எங்க வீட்டுக்காரருக்கு ஒட்டுக்கட்டத் தெரியும், நானா." ஜப்பான்காரனின் தோட்ட இலாகாவில் மொழிபெயர்ப்பாளராக இருந்த சிஹாபுதீன் நானா அதை அப்படியே எழுதிக்கொண்டார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த 1943 ஜூன் மாதம் அது. காஜா பேராங் ஊருக்குப் போட்ட பட்டியலில் அவள் புருஷன் பொன்னுதுரையின் பெயர் ஏழாவது. கன்றுக்கு ஒட்டுக்கட்டத் தெரிந்தவனுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பொன்னுதுரைக்கோ ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சண்டைக்கு முன் வெள்ளைக்காரன் நாற்றங்காலில் ஆறு வருஷம் ஒட்டுக்கத்தி பிடித்தவள் கோகிலாதான். ஆனால் பெண்டாட்டி பெயரை எழுதிக் கொடுத்தால் புருஷன் தப்புவானா? அதனால் பெயர் அவனுடையது, கை அவளுடையது.

ஜப்பானியத் தோட்ட அதிகாரி இருபது நாரத்தங் கன்றுகளையும் ஒரு கட்டு பம்பளிமாசுக் குச்சிகளையும் வீட்டுக் கொல்லையில் இறக்கினார். பதினாலாம் நாள் வந்து பார்ப்பாராம். இருபதில் பதினைந்து பிழைத்திருந்தால் பொன்னுதுரை ஊரில் இருக்கலாம். ஒன்று குறைந்தாலும் லாரியில் ஏற வேண்டியதுதான்.

பகலெல்லாம் அவன் குருபோங் பக்கம் காடு வெட்டப் போய்விட, கோகிலா வேலையை முடித்தாள். பம்பளிமாசுக் குச்சியில் இலையைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட்டு, மொட்டைப் பட்டையோடு சீவியெடுத்து, நாரத்தைப் பட்டைக்குள் செருகி, வாழைநாரால் இறுக்கிக் கட்டினாள். மொட்டுக்கு எமன் காற்றுதான். ஊசிமுனை இடுக்கு இருந்தாலும் உள்ளே புகுந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். மெழுகுக்கு எங்கே போவது? மாதா கோயிலில் உருகி வழிந்ததைக் கெஞ்சி வாங்கிச் சுரண்டி வந்து, குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஒவ்வொரு கட்டின் மேலும் பூசினாள். காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே அத்தாப்பு ஓலை, சுற்றிலும் நனைத்த சாக்கு.

இருபத்தொரு நாள் கட்டைப் பிரிக்கக் கூடாது. அதுவரை உள்ளே உயிர் இருக்கிறதா என்று சொல்வது அந்தக் காம்புதான். மொட்டு ஒட்டிக்கொண்டால் காம்பு பழுத்து, தொட்டதும் உதிரும். மொட்டு காய்ந்து செத்தால் காம்பு கறுத்து, அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும்.

பதின்மூன்றாம் நாள் மாலை எண்ணிப் பார்த்தாள். மூன்று கறுப்பு, பதினேழு மஞ்சள். ஓடிப்போய்ப் புருஷனிடம் சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் நல்லது நடந்து முடியுமுன் வாயால் சொன்னால் கண்பட்டுவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். "காம்பைத் தொட்றாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்தபோது, வாசலிலேயே பொன்னுதுரை அவள் கையைப் பிடித்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"கோபிக்காத புள்ள. மனசு கேக்காம லேசா தொட்டுப் பாத்தேன். விழுந்துடுச்சு. அடுத்ததும் விழுந்துச்சு. பதினேழு செத்துப்போச்சு."

"ஐயோ, அது..."

"பயப்படாத. ரப்பர் பால் வச்சு எல்லாத்தையும் ஒட்டிட்டேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

பாவி மனுஷன், உயிருக்கு இருந்த சாட்சியையெல்லாம் தன் கையாலேயே ஒட்டவைத்திருக்கிறான்! கோகிலா அவனைத் தள்ளிவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். இரண்டு காம்பைப் பிய்ப்பதற்குள் லாரி வந்து நின்றுவிட்டது.

அதிகாரி நேராகக் கன்றுகளிடம் வந்தார். முதல் காம்பை விரலால் தட்டினார். விழவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எதுவும் அசையவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை உருவி ஒரு கட்டின் மேல் வைத்தார்.

"வேணாம் துவான்!" கோகிலா குறுக்கே போய் நின்றாள். "நானா, பிரிக்க வேணாம்னு சொல்லுங்க. காத்துப் பட்டா செத்துரும்!"

சிஹாபுதீன் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். அதிகாரி கத்தியை எடுத்துவிட்டு, காம்பைக் கிள்ளி இழுத்தார். வெள்ளையாக ஒரு இழை நீண்டு அறுந்தது. விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு பால் காய்ந்து ஒட்டியிருந்த பொன்னுதுரையின் நகங்களைப் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார் சிஹாபுதீன். "ஒட்டுக்கட்டத் தெரிஞ்சவன் எவனும் விழுந்த காம்ப எடுத்து ஒட்டமாட்டானாம். இத யாரு கட்டினதுன்னு கேக்குறாரு."

கோகிலா வாயைத் திறக்குமுன் பொன்னுதுரை முன்னால் வந்தான். கன்றுகள் செத்தாயிற்று, தன் கதை முடிந்தாயிற்று என்றே அவன் நினைத்திருந்தான். "பால் வச்சு ஏமாத்துனது நான், நானா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கட்டினது மட்டுந்தான் அவ. நல்லாத்தான் கட்டினா. அவள அடிக்க வேணாம்னு சொல்லுங்க."

அதிகாரி யாரையும் அடிக்கவில்லை. காம்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுவிட்டு, குனிந்து காம்பு இருந்த இடத்துத் தழும்பைப் பார்த்தார். பதினேழிலும் பச்சை. அவர் முதல் தடவையாகச் சிரித்தார். பட்டியலை வாங்கி, பொன்னுதுரை பெயருக்கு எதிரே இருந்த விலக்கை அடித்து, அந்த இடத்தில் கோகிலாவின் பெயரை எழுதச் சொன்னார். நாளை முதல் அவள் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும். இன்னும் இருநூறு கன்று இருக்கிறதாம்.

சிப்பாய்கள் பொன்னுதுரையை லாரியில் ஏற்றினார்கள். கோகிலா பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "விழுந்தாத்தாங்க உயிரு! பதினேழும் பொழைச்சிருக்குங்க! நேத்தே சொல்லாம விட்டேனே, நான் பாவிங்க!"

"பொழைச்சிருக்கா?" என்றான் அவன். லாரி நகர்ந்தது. பின்பலகை அவள் கையை விட்டுப் போனது. "அப்ப என்னைய விட்டுருவாங்கல்ல, புள்ள?"