எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுப் போன நூற்பாலை

அநியாயம் நடந்தது எங்கள் ஊர் சுண்டன்குறிச்சிக்கு. செய்தது ஒரு நூற்பாலை. மாசி மாதம் நல்ல நாள் பார்த்து ஊரைப் பார்க்க வந்தது. கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டது. “போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்து போனது. எட்டு மாதமாக ஒரு வார்த்தை வரவில்லை.

நான் புவியியல் முதுகலை படிக்கிறேன். மூலப்பொருள், தண்ணீர், மின்சாரம், சாலை, வேலையாட்கள் எல்லாம் பார்த்துத்தான் ஆலை இடம் பிடிக்கும் என்கிறது பாடப்புத்தகம். சரி. பார்க்க வேண்டுமென்றால் நேரில்தானே வர வேண்டும்? வந்தது. இளம் ஆலை, கூச்ச சுபாவம். ஷிப்டுக்கு ஊதும் தன் சங்கைத் துண்டால் பொத்திக்கொண்டு பள்ளி மைதானத்தில் உட்கார்ந்தது. கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேட்டது. குழாய்த் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து, “உப்பே இல்லையே” என்றது. பிடித்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம்.

பார்த்துவிட்டுப் போனவர் பதில் சொல்லும்வரை இன்னொருவருக்கு ஊரைக் காட்டக் கூடாது. அது முறை. ஆடி மாதம் ஓர் அப்பள ஆலை, தன் காயப்போடும் களத்தைப் பாய்போலச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் நான்கு நாள் காத்திருந்தது. எங்களால் கூப்பிட முடியவில்லை. பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

என் அம்மா செண்பகவல்லி அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மில்லில் வேலை பார்க்கிறாள். விடியுமுன் நாலரைக்கு எழுந்தால்தான் மில் வேனைப் பிடிக்க முடியும். ஆலை எங்கள் ஊரிலேயே இருந்தால் அம்மா ஆறு மணிவரை தூங்கலாம். எனக்கு வேண்டியது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

“விடு தாயி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முறுக்கிக்கிறது சகஜம்” என்றார் ஊர்த் தலைவரான சுடலைக்கண்ணு பெரியப்பா. நான் விடவில்லை. பஸ் ஏறி அந்த நூற்பாலை இருக்கும் இடத்துக்கே போனேன்.

நூற்பாலை அதன் வீட்டார் நடுவில் நின்றிருந்தது. இடப்பக்கம் அண்ணன், பருத்தி அரவை ஆலை. வலப்பக்கம் தம்பி, சாயப் பட்டறை.

“எங்க ஊர்ல என்ன குறை?” என்றேன்.

“குறையே இல்லைங்க. ரொம்பப் பிடிச்சிருக்கு.”

“அதைச் சொல்ல எட்டு மாசமா?”

அது தலையைக் குனிந்துகொண்டது. அண்ணன்தான் பேசியது. “இவனுக்குப் பஞ்சு குடுக்கிறது நான். இவன் நூலுக்குச் சாயம் போடுறது சின்னவன். அட்டைப்பெட்டி செய்யிற அத்தை எதிர்வீடு. தனிக்குடித்தனம் போனா லாரியிலயே இவன் காலம் போயிரும். பொண்ணுதானேம்மா புகுந்த வீட்டுக்கு வரணும்? ஊரை இங்க அனுப்பி வைங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் எப்போதும் ஊர்தான் கிளம்ப வேண்டும்? பஞ்சு லாரியில் ஏறாதா? சாயம் ஏறாதா? ரேஷன் கடை, கோயில், பள்ளிக்கூடம், நானூறு வீடு இவற்றைத்தான் ஏற்ற வேண்டுமா? இரண்டு மணி நேரம் வாதாடினேன். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் “உண்மைதான்” என்றது, ஆனால் அசையவில்லை. கிளம்பும்போது நூற்பாலை யாருக்கும் தெரியாமல் ஒரு நூல்கண்டை என் கையில் திணித்தது. இன்னும் சூடாக இருந்தது. “அவங்ககிட்ட, உங்க ஊர்கிட்ட, குடுத்துடுங்க” என்றது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். பெரியப்பா துள்ளினார். “நம்ம ஊரு எதுக்குப் போகணும்? நமக்கு மானம் இல்லையா?”

நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அம்மா, தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“இருபது வருசமா நான் தினம் போயிட்டு வரேன். அப்பல்லாம் யாரு மானம் பாத்தீங்க? ஊரு ஒரே ஒரு தடவை போனா என்னவாம்?”

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“தாளை எடு. நான் சொல்றதை நல்ல தமிழ்ல எழுது” என்றாள். எழுதினேன்.

“எங்களுக்குச் சம்மதம். கிழக்குப் பார்த்து இடம் ஒதுக்கி வைக்கவும். இந்த வருடம் கண்மாய் நிறைந்து கிடக்கிறது. தளும்பாமல் தூக்கி வர வேண்டும், அதனால் மெதுவாக நடந்துதான் வருவோம்.”