அத்தை ஏறாத கோட்டை

தீவுக்குப் போகும் படகில் மாமியாரும் மருமகளும் நடுவே ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகனுக்குக் கடைசி நேரத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. டிக்கெட்டை வீணாக்க மனமில்லாமல் இவர்கள் இருவரையும் கிளப்பிவிட்டான். கல்யாணமாகி நாலு வருடத்தில் இருவரும் தனியாக எங்கேயும் போனதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது, அவ்வளவுதான்.

மாமியார் இருபத்தெட்டு வருடம் பழக்கடை நடத்தியவர். போன வருடம் முட்டியில் அறுவை சிகிச்சை ஆனதும், "போதும்மா, இனிமே உக்காந்து சாப்பிடு" என்று மகன் கடையை மூடிவிட்டான். அன்றிலிருந்து அவர் உட்கார்ந்துதான் இருந்தார். சாப்பாடுதான் குறைந்துகொண்டே வந்தது.

கோட்டை குன்றின் உச்சியில் இருந்தது. அடிவாரத்தில் சந்தை. மாமியார் படிகளை அண்ணாந்து பார்த்தார்.

"இதைக் கட்டினவங்க என் முட்டியைக் கேக்காம கட்டிட்டாங்க. நீ போயிட்டு வாம்மா. நான் இந்தப் பெஞ்சுல இருக்கேன்."

"தனியா இருப்பீங்களா அத்தை?"

"சந்தையில யாரு தனியா இருக்கா? போ, போ."

மருமகள் ஏறினாள். மேலே துருப்பிடித்த பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி கிடந்தன. வெடிமருந்து வைத்திருந்த அறைக்குள் நுழைந்ததும் உடம்பு சில்லிட்டது. காவல் மேடையில் காற்று முந்தானையைப் பிடுங்கியது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்ததற்காக லேசாகக் குற்ற உணர்வும் வந்தது. மதில் ஓரமாக நின்று கீழே பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது.

பாதிப் படி இறங்கும்போது மாமியாருக்கு போன் போட்டாள். அவள் தோளில் தொங்கிய பைக்குள்ளேயே மணி அடித்தது. மீன் வரிசை, பாய்க்கடை, தொப்பிக்கடை என்று ஓடினாள். 'அவர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்' என்று நினைக்கும்போதே பழக்கமான குரல் ஒன்று, ஆனால் வீட்டில் கேட்டறியாத சத்தத்தில், கேட்டது.

"அப்படி அமுக்காதீங்க சார், பழத்துக்கு வலிக்கும்ல!"

அன்னாசிப் பழக் குவியலுக்குப் பின்னால் மாமியார், முக்காலியில் உட்கார்ந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பழத்தைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அத்தை! என்ன இது?"

"கடைக்காரப் பொண்ணு விரலை வெட்டிக்கிட்டா. ரத்தம் நிக்கவே இல்ல. 'தையல் போட்டுட்டு வா, நான் பாத்துக்கறேன்'னு அனுப்பிட்டேன்."

"முன்னப்பின்ன தெரியாதவங்க கடையில..."

"கடைக்காரி தெரியாதவதான். அன்னாசி தெரியுமே. நின்னு என்னை முறைக்காம அந்த இலையை எடுத்துக் குடு."

மருமகள் எடுத்துக் கொடுத்தாள். பிறகு துண்டுகளை அடுக்கினாள். பிறகு, தன்னையறியாமல், "வாங்க வாங்க, ருசி பாருங்க" என்று கூவியும்விட்டாள். மாமியார் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கட்டுப்போட்ட விரலோடு கடைக்காரி திரும்பியபோது குவியல் பாதியாகியிருந்தது. அவள் வாயைப் பிளந்தாள்.

"அம்மா, உங்க கடை எங்க இருக்கு?"

மாமியார் கத்தியைத் துடைத்து வைத்தார். "இருந்துச்சு" என்றார். முகம் மறுபடி வீட்டு முகமாகிவிட்டது.

திரும்பும் படகில் மருமகள் பையைக் காலடியில் வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"அத்தை, நம்ம வீட்டு முன்னறை ஜன்னல் தெருவைப் பாத்துத்தானே இருக்கு?"

"ஆமா. அதுக்கு?"

"கீழே ஒரு பலகை அடிச்சா உக்காந்துக்கிட்டே விக்கலாம். ஆபீஸ் போறதுக்கு முன்னாடி மார்க்கெட்டுக்குப் போய் நான் சரக்கு எடுத்துட்டு வரேன்."

மாமியார் முட்டியைத் தடவிக்கொண்டார். "உன் புருஷன் குதிப்பானே."

"குதிக்கட்டும். அவருக்குத்தான் முட்டி நல்லா இருக்கே."

மகன் குதிக்கத்தான் செய்தான், இரண்டு நாள். மூன்றாம் நாள் பலகைக்கு அளவெடுத்தவனும் அவன்தான். கடை திறந்த முதல் நாள் காலையில் மருமகள் கொண்டுவந்த கொய்யாவை மாமியார் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"யாரோ உன் தலையில நல்லா கட்டிட்டாங்கம்மா. நாளைக்கு நானும் வரேன்" என்று செருப்பைத் தேடத் தொடங்கினார், நாளை வருவதற்கு முன்பே.