பட்டியலில் நிர்மலாதேவி

"மறுபடியும் அதேதான் வருதுங்கண்ணா. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் ஃபெயில்டுன்னு," என்றாள் பில் போடும் ஜாஸ்மின்.

இண்டூர் பக்கத்து மாங்கூழ் கம்பெனி அது. காலையிலிருந்து யாராலும் கம்ப்யூட்டரில் லாகின் ஆக முடியவில்லை. எடை பதிவாகாமல் ஒரு வண்டியும் உள்ளே போகாது. வாசலில் பதினோரு லோடு மாங்காய் வைகாசி வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

"என்னங்க, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? இன்னும் செத்த நேரம் போனா காய் இங்கயே கூழாயிரும்!" என்று ஜன்னல் வழியே கத்தினார் ஒரு டிரைவர்.

எடைமேடை கிளார்க் முருகேஷ் போனை இன்னும் பக்கத்தில் இழுத்தான். சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த குப்புராஜ் ஸ்பீக்கரில் இருந்தார்.

"ஒருத்தருக்குப் போகலைன்னா பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லலாம். எல்லாருக்குமே போகலையே. யாராச்சும் எதையாச்சும் மாத்துனீங்களா?"

"இல்லீங்க. காலைல கரண்டு போய் வந்துச்சு, அவ்வளவுதான்."

சொன்னது பொய். மூன்று நாளைக்கு முன்புதான் மனைவியின் காரியம் முடித்து வேலைக்கு வந்திருந்தான். மஞ்சள் காமாலை. பதினோரு வருஷம் இதே ஆபீசில் கணக்குப் பார்த்தவள். லாகின் திரையில் பெயர்ப் பட்டியலைத் திறந்தால் முதல் பெயரே நிர்மலாதேவி. தினமும் அவளைத் தாண்டித்தான் தன் பெயருக்கு வரவேண்டும். முதல் நாளே முடியவில்லை. அட்மின் பாஸ்வேர்டு அவனிடம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் அந்தப் பெயரை அழித்துவிட்டான். அதன்பிறகும் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. அதைப்போய்ச் சொல்ல வாய் வரவில்லை.

குப்புராஜ் அங்கிருந்தே சர்வருக்குள் நுழைந்து ஏதோ ஒரு ஃபைலைத் திறந்தார்.

"முருகேசு, தப்பு என்னுதுங்க. நாலு வருசத்துக்கு முன்னால அவசரத்துல நிர்மலா மேடம் பேர்லயே டேட்டாபேசுக்கு வழி குடுத்துட்டேன். அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டது, மறந்தே போச்சு. யாரு உள்ள போனாலும் அவங்க பேர்லதான் போயிருக்குது. இப்ப அந்தப் பேரையே காணோம். யாரு எடுத்தது?"

ஜாஸ்மின் திரும்பிப் பார்த்தாள்.

"நாந்தாங்க," என்றான் முருகேஷ். "பாக்க முடியலீங்க. ஆனா மூணு நாளா ஓடுச்சே?"

"தொறந்த வழி தொறந்தபடியே இருந்துச்சு. கரண்டு போய் வந்ததும் புதுசாப் பேரைத் தேடியிருக்குது." அவர் குரல் தணிந்தது. "பேர் சேக்குற இடத்தை இங்கிருந்தே தொறந்து விட்டுட்டேன். இப்பத்திக்கு அதே பேரை மறுபடி போடுங்க. ஒரு எழுத்துகூட மாறக்கூடாது."

"நான் அடிக்கட்டாங்கண்ணா?" என்றாள் ஜாஸ்மின்.

"வேணாம்மா."

ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தான். குப்புராஜ் சொன்ன பாஸ்வேர்டைப் போட்டான். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்கள். பட்டியல் வந்தது. முதலில் இருந்தவள் இப்போது கடைசியில் இருந்தாள், போன மாசம் சேர்ந்த ஜாஸ்மினுக்கும் கீழே, புதிதாக வேலைக்கு வந்தவள்போல.

முதல் லாரி எடைமேடையில் ஏறியது.

"சாயங்காலம் டேட்டாபேசுக்குத் தனியா ஒரு பேரு போட்டுத் தர்றேன்," என்றார் குப்புராஜ். "அப்புறம் இதை நீங்க எடுத்துடலாம்."

முருகேஷ் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீங்களே எடுத்துடுங்க," என்றான். "ஒருக்கா எடுத்துட்டனுங்க. இன்னொருக்கா என்னால ஆகாதுங்க."