இங்கிலீஷ் படித்துக் கனத்துப்போன பூபதி

இங்கிலீஷ் படிக்கத் தொடங்கிய பிறகு கோட்டைக்குப்பத்துப் பூபதியின் எடை கூடிக்கொண்டே போய், தை மாதக் கடைசியில் அவன் கால் வைத்த தோணி முழுகிவிட்டது. ஆள் என்னவோ பழைய பூபதிதான். வேட்டியை இன்னொரு சுற்றுச் சுற்றலாம், அவ்வளவு ஒல்லி. கனமெல்லாம் சொற்களில் இருந்தது. மீன், வலை, தண்ணீர் என்று சின்னச் சொற்களைப் படித்தவரை ஒன்றும் ஆகவில்லை. ‘மக்னானிமிட்டி’யை மனப்பாடம் செய்த அன்று கோரைப்பாய் கிழிந்தது. ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ வந்து சேர்ந்தபோது கயிற்றுக் கட்டில் போயிற்று. அதற்கப்புறம் கரை மணலில் முழங்கால்வரை புதைந்து புதைந்து நடந்தான். ஊர் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டு வலை உலர்த்தப் போய்விட்டது.

அவனுக்கென்ன தலையெழுத்தா, இந்த வயதில் படிப்பு? பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்கி இங்கிலீஷ்காரர் கொடி ஏறப்போகிற வருஷம் அது. முன்கூட்டியே வந்து இறங்கிய இங்கிலீஷ் துரை, ஏரியை மொத்தமாக ஒரு மதராஸ் வியாபாரிக்குக் குத்தகை விடப்போவதாகச் சொல்லிவிட்டார். ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. மீன் நன்றாகச் சிக்கும் இடத்தில் இன்று ஒரு வீட்டார் வலை போட்டால் நாளை அடுத்த வீட்டார் போடுவார்கள். வல்லவன் வீடு, நோஞ்சான் வீடு என்ற பேதம் கிடையாது. குத்தகை வந்தால் பாடு போச்சு, குப்பமும் போச்சு. துரையோ அலங்காரப் பேச்சுப் பைத்தியம். உயர்ந்த சொற்களும் உவமை உருவகங்களும் போட்டு இங்கிலீஷ் பேசி, பரீட்சையில் தேறுகிறவன் எடுத்துச் சொன்னால்தான் குப்பத்து வழக்கைக் கேட்பேன் என்றார். ஒல்லாந்தர் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி நாலு வெள்ளைக்காரச் சொல் தெரிந்து வைத்திருந்த பாவத்துக்கு, பஞ்சாயத்து பூபதியைப் பிடித்து முன்னே தள்ளியது.

சொல்லிக் கொடுத்தவன் அந்தோணிசாமி. பூபதியோடு கோலி விளையாடியவன், மதராஸில் இங்கிலீஷ்காரர் வீடுகளில் ஆக்கிப் போட்டுவிட்டு இப்போது கோட்டையில் சமையல்காரன். உவமை வந்தது, உருவகம் வந்தது. உயர்வு நவிற்சியில்தான் முட்டிக்கொண்டது. “ஒண்ணுமில்லய்யா, பீலா வுடணும், அவ்ளோதான். நான் ஆக்குன கறி வாசனைக்கு மதராஸ்ல செத்தவன் எயுந்து குந்திக்கினான்னு சொல்லு” என்ற அந்தோணிசாமி, அதையே இங்கிலீஷில் சொல்லிக் காட்டினான். சொன்னவன் தரையை விட்டு எழும்பி, கூரையில் தலையை இடித்துக்கொண்டு இறங்கினான். பெரிய சொல் அழுத்தும், பீலா தூக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் பூபதிக்கு அந்த மருந்து வாய்க்கவில்லை. தோணி நிறைய மீன் வந்தாலும் “ஏதோ கொயம்புக்கு ஆவும்” என்று சொல்கிற ஊர் அது. மீனைப் பெரிதாகச் சொன்னால் ஏரி கோபித்துக்கொண்டு வலையைக் காலியாக அனுப்பும். பிறந்ததிலிருந்து குறைத்தே பேசிப் பழகிய நாக்கு ஊத மறுத்தது.

காற்று வாங்கிக்கொண்டே கேட்கலாம் என்று துரை பரீட்சையைத் தம் பாய்ப்படகில், ஏரி நடுவில் வைத்தார். படகு பெரிது, அதனால் பூபதி ஏறியும் முழுகவில்லை. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் மிச்சம் இருந்தது. குப்பத்துத் தோணிகளெல்லாம் சுற்றி நின்றன. பூபதி உயர்ந்த சொற்களைச் சொல்லச் சொல்லப் படகு இறங்கியது. துரை சொக்கிப்போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார், காலுறை நனைந்ததைக் கவனிக்கவில்லை. கடைசியாக, இந்த ஏரி மீனை உயர்வு நவிற்சியில் புகழ்ந்து பேசு என்றார். பேசினால் ஏரி கோபிக்கும், பேசாவிட்டால் பாடு போகும். பூபதி ஏரியையும் துரையையும் மாறி மாறிப் பார்த்தான். தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது.

பக்கத்துத் தோணியில் இருந்த அவன் பெண்சாதி லோகநாயகிக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாய்யா முயிக்கிற? மீனைப் பத்தித்தானே பேசக் கூடாது? என்னைப் பத்திப் பேசக் கூடாதுன்னு எந்தப் பஞ்சாயத்துல சொன்னாங்க?” என்று கத்தினாள்.

அவளைப் பற்றியும் குறைத்தே பேசி வந்த மகராஜன்தான் அவன். குழம்பு எப்படி என்றால் “உப்பு கீது” என்பான். புதுப்புடவை கட்டி வந்து நின்றால் “பரவால்ல” என்பான். அன்றைக்கு அணை உடைந்தது. மீன் கிடக்கட்டும் துரையே, அதை விற்கிற என் பெண்சாதியைக் கேளுங்கள் என்று இங்கிலீஷில் பிடித்துக்கொண்டான். அவள் கோபித்தால் ஏரியின் முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும், சிரித்தால் திறந்துகொள்ளும். அவள் கூடையைத் தூக்கினால் சூரியன் உச்சிக்கு வரக் கூச்சப்படும். அவள் மீன் கூவுகிற குரலைக் கேட்டால் பூநாரைகள் ஊர் திரும்புவதையே மறந்துவிடும். படகு ஏரியை விட்டுக் கிளம்பி, தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு பனை உயரத்தில் போய் நின்றது. துரை தொப்பியைப் பிடித்துக்கொண்டு, தேறினாய் என்றார். அங்கேயே பூபதி பாடு முறையைக் கனத்த கனத்த சொற்களில் எடுத்துச் சொல்ல, படகு மெல்ல இறங்கித் தண்ணீரைத் தொட்டது. குத்தகை வேண்டாம், உங்கள் முறையே இருக்கட்டும் என்று துரை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

கரையில் ஊரே பூபதியைக் கொண்டாடியது. லோகநாயகி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். “வெள்ளைக்காரனுக்குப் புரிஞ்சா போதுமா? எனுக்குப் புரிய வாணாமா?” என்றாள். பூபதி வெட்கத்தை விட்டு, அத்தனையையும் தமிழில் அவள் காதோடு சொன்னான். துரைக்குச் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னான். “போய்யா” என்றாள் அவள். அவள் பாதம் மணலை விட்டு ஒரு முழம் எழும்பியது, பிறகு இறங்கவே இல்லை. மறுநாள் அப்படியே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருப்பாலைவனத்துக்கு மீன் விற்கப் போனாள். கூடைக்குள் எட்டிப் பார்க்க முடியவில்லை என்று அங்கத்திய குடியானவப் பெண்கள் முதலில் குறைப்பட்டார்கள். அப்புறம் “கொஞ்சம் குந்தும்மே” என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். அவளும் காற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீனைக் கூறு கட்டிக் கொடுத்தாள்.