விஜயலெட்சுமியின் குலவை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கல்யாணம் என்றால் விஜயலெட்சுமி குலவை போட்டால்தான் தாலி ஏறும். மேல் லயத்து வீட்டு வரிசையில் அவள் ஆரம்பித்தால் கீழே பஸ் ரோட்டுக்குக் கேட்கும் என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், ரொம்பக் கூட்டவில்லை. கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து முன்பல் இரண்டும் போனதோடு எல்லாம் கெட்டது. கழற்றி மாட்டும் பல்செட்டு ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். அதோடு ஒரு சடங்கு வீட்டில் குலவை போட்டாள். நாக்கு சுழன்ற வேகத்தில் பல் தெறித்து ஆரத்தித் தட்டில் விழுந்தது. அங்கே சிரிக்காதவர் அவள் புருஷன் அழகர் ஒருவர்தான். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் அவள் வாய் திறக்கவில்லை.

மகள் புஷ்பராணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. "நீ குலவை போடாம எனக்குத் தாலி வேணாம்மா" என்று ஒற்றைக் காலில் நின்றாள். கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலை செய்பவள், நாலு விஷயம் தெரிந்தவள். பதுளையில் பல் டாக்டர் சிவரூபியிடம் அம்மாவை அவளே கூட்டிப்போனாள்.

"இது கழட்டிற பல் இல்லை அம்மா" என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர். "தாடை எலும்பிலை சின்ன ஆணி ரெண்டு வைப்பம். எலும்பு அதை இறுக்கிப் பிடிச்ச பிறகு மேலை பல்லைப் பூட்டுவம். பிறகு அசையாது. அதுவரைக்கும் கை வைக்கப்படாது."

விஜயலெட்சுமிக்குச் சட்டென்று புரிந்தது. விழுந்த பிறகு அவளுக்கு நர்சரியில்தான் வேலை. தேயிலைக் கன்று வேர் பிடிப்பதும் இப்படித்தானே. புரிந்ததுதான் வினையாயிற்று. வேர் பிடித்துவிட்டதா என்று கன்றை மெதுவாக இழுத்துப் பார்க்காத நர்சரிக்காரி உண்டா? கங்காணி எவ்வளவு ஏசினாலும் அந்தக் கை சும்மா இராது. ஆணி வைத்த நாளிலிருந்து, காலையில் முகம் கழுவும்போதெல்லாம் ஈறில் துருத்திய ஆணித் தலைகளை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

பல் பூட்டப் போன அன்று டாக்டரின் முகம் மாறியது. "ரெண்டும் ஆடுது. கை வைச்சனீங்களோ?"

"வேரு புடிச்சிருச்சான்னு ஆட்டிப் பாத்தேங்க."

டாக்டருக்குக் கோபிக்க மனம் வரவில்லை. ஆணிகளை எடுத்துவிட்டு, புண் ஆறி எலும்பு தேறியதும் மறுபடி வைக்கலாம் என்றார். கல்யாணத்துக்கு முன் நடக்காது.

வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதாள். "என் கையாலேயே கெடுத்துக்கிட்டேனே!"

அழகர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "விடு புள்ள. நானா இருந்தாலும் ஆட்டித்தான் பாத்திருப்பேன்." அந்த மனுஷனின் பிரியம் எப்போதும் இப்படித்தான் வெளியே வரும்.

தோட்டத்துக் கோயிலில் முகூர்த்த நேரம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். புஷ்பராணி தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். விஜயலெட்சுமியின் வாய்க்குள் பழைய பல்செட்டு லொடலொடத்தது. ஊர் மறுபடி சிரிக்குமே என்று பயம். பிள்ளை கேட்டதைக் கொடுக்க முடியவில்லையே என்று வேதனை.

அழகர் அவள் பக்கத்தில் வந்து இடக்கையை நீட்டினார். "கழட்டி இதுல வையி. நான் வச்சிருக்கேன்."

கோயில் நிறைய ஆட்கள் பார்த்திருக்க, பல்லைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். தலையை நிமிர்த்திக் குலவை போட்டாள். காற்று கொஞ்சம் சிந்தினாலும் கூரைத் தகரம் அதிர்ந்தது. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். யாராவது சிரித்திருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.

அழகர் வலக்கையால் மகளுக்கு அரிசி தூவினார். இடக்கையை மட்டும், அவள் குலவை ஓயும்வரை இறுக மூடியே வைத்திருந்தார்.