முன்னால் போக ஒரு கியர்

ஜக்கம்மாவின் டிராக்டர் நின்றுபோனது, மார்க்கையன்கோட்டைக்கு மேற்கே இருந்த அவர்களுடைய திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடிந்த மூன்றாம் நாள். கவாத்து முடிந்தால் பந்தல் மொட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட கொடி நுனிகளிலிருந்து நாலைந்து நாளைக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வெயில் கொளுத்தும்போதும் பந்தலுக்குக் கீழே நடப்பவர்களின் கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று என்று விழும். அந்தச் சொட்டுகளுக்கு நடுவில்தான் எஞ்சின் இரண்டு முறை இருமியது, நீலமாக ஒரு புகை விட்டது, நின்றது. ஜக்கம்மா சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தாள். சத்தம் நின்றதும் தோட்டம் முழுக்கச் சொட்டுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது என்று யோசித்தாள்.

டிராக்டர் என்றதும் பெரிய வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஆள் உட்காரும் அளவு, இடுப்பு உயரம், பின்னால் ஐந்து பல் வைத்த கொத்துக்கலப்பை. மேகமலை எஸ்டேட் ஒன்றில் பூந்தோட்டத்துக்காக எந்த நாட்டிலிருந்தோ வரவழைத்து, சலித்துப்போய் ஏலம் விட்டது. ஜக்கம்மாவின் புருஷன் சுருளி எழுபத்திரண்டில் அதை எடுத்து வந்தபோது ஊரே சிரித்தது. பந்தலுக்கு அடியில் நுழைந்து போகும், மாட்டைப் போல இலையைக் கடிக்காது என்று அவன் நியாயம் சொன்னான். சொன்னவன் நாலு நாள்தான் ஓட்டினான். ஐந்தாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. உழவு பாதியில் நிற்கக் கூடாதே என்று அன்றைக்கு மட்டும் ஜக்கம்மா ஏறி உட்கார்ந்தாள். அந்த அன்றைக்கு நாலு வருஷமாக முடியவில்லை.

அவர்கள் ஊரில் பெண்கள் ஏர் தொடக் கூடாது. நாற்று நடலாம், களை எடுக்கலாம், எருக்கூடை சுமக்கலாம், இடுப்பொடிய என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மேழியில் மட்டும் கை படக் கூடாது. அவள் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், வந்த வீட்டிலும் அப்படித்தான். ஆனால் டிராக்டரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை, ஏனென்றால் அது அவர்கள் யாருக்கும் தெரியாது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஜக்கம்மா நுழைந்து உட்கார்ந்திருந்தாள். தனக்குப் பின்னால் மண் பிளந்து புரளுவதைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் நடப்பது போல இருக்கும். சந்தோஷம் என்று அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் சந்தோஷம்தான்.

சின்னமனூரிலிருந்து மெக்கானிக் ஏசுதாசன் சைக்கிளில் வந்தான். முப்பது வயது, நெற்றியில் எப்போதும் ஒரு கிரீஸ் கோடு. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"அக்கா, இதுக்கு ரெண்டு தடவை ரீபோர் போட்டாச்சு. இனிமே தேய்க்கிறதுக்கு இதுல இரும்பு இல்ல. பிஸ்டன் வேணும்னா அது பொறந்த ஊருக்குத்தான் எழுதிப் போடணும்."

சுருளி அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் துக்கம் இருந்தது, அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அது ஜக்கம்மாவுக்குத் தெரிந்தது. கெட்டவன் இல்லை அவன். ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார முடியவில்லை. மாட்டுத் தரகன் வீரபாண்டி அவனைப் பார்த்தாலே, "மாப்ள, ஒங்க வீட்ல ஏரு பிடிக்கிறாகளே, அவுக சௌக்கியமா?" என்று ஆரம்பித்துவிடுவான். நாலு வருஷமாக அதே கேலி. நாலு வருஷமாகக் கடையே சிரிக்கும், சுருளி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவான்.

"உத்தமபாளையத்துல ஒரு ஜோடி மாடு இருக்காம். வீரபாண்டி சொன்னாரு. காலையில போயிட்டு சாயந்தரம் பிடிச்சுட்டு வந்துர்றேன்" என்றான் சுருளி.

ஜக்கம்மா அவனைப் பார்க்காமல், "கெணத்தடியில ஒரு எஞ்சின் சும்மாத்தான கெடக்கு?" என்றாள்.

உண்மைதான். போன தை மாதம் கிணற்றுக்குக் கரண்டு வந்து மோட்டார் மாட்டிய பிறகு, மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய பம்பு எஞ்சின் சாக்குப் போர்த்திக்கொண்டு மூலையில் தூங்கியது. ஏசுதாசன் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் எதையோ அளந்து பார்த்தான். "டிராக்டர்ல உக்காரும்னுதான் நெனைக்கிறேன்" என்றான்.

சுருளி கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். "சரி. நாளைக்கு நான் மாட்டோட வர்றப்ப வண்டி உழுதுக்கிட்டு இருக்கணும். இருந்தா மாடு பாரவண்டி இழுக்கும். நின்னுக்கிட்டு இருந்தா மாட்டை ஏருல பூட்டிருவேன். அப்பறம் நீ உழவுப் பக்கம் வரக் கூடாது. தளிர் விடுறதுக்குள்ள மண்ணைக் கெளறணும், அதுக்கு மேல என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது."

"வரல" என்றாள் ஜக்கம்மா.

மறுநாள் விடிந்ததும் சுருளி உத்தமபாளையத்துக்குக் கிளம்பிப் போனான். ஏசுதாசனும் ஜக்கம்மாவும் பந்தலின் கல்தூண் இரண்டுக்கு நடுவே உத்திரக்கட்டையைக் கொடுத்து, கிணற்றுக் கப்பியை அதில் தொங்கவிட்டு, செத்த எஞ்சினைக் கயிற்றில் தூக்கினார்கள். காற்று மலைப்பக்கமிருந்து வந்தது. எஞ்சின் அந்தரத்தில் மெல்லச் சுற்றியது. எஞ்சின் இல்லாத டிராக்டர் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் ஆளைப் போல இருந்தது. ஜக்கம்மாவுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

பம்பு எஞ்சினை இறக்கி வைத்தபோது ஒரு சிக்கல். பழைய எஞ்சினுக்குப் பெல்ட் ஓடும் சக்கரம் வலது பக்கம் இருந்தது. இதற்கு இடது பக்கம். கியர் பெட்டியின் சக்கரத்துக்கு நேராக வர வேண்டுமே என்று ஏசுதாசன் எஞ்சினை முன்பின்னாகத் திருப்பி உட்கார வைத்து, நாலு ஓட்டை போட்டு, போல்ட்டை முடுக்கினான். பட்டைப் பெல்ட்டை மாட்டினான். பார்க்க லட்சணமாக இருந்தது. மணி பதினொன்று.

கயிற்றைச் சுற்றி இழுத்தான். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. கிணற்றடியில் கேட்ட அதே சத்தம். ஜக்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். முதல் கியரைப் போட்டு மெதுவாகக் கிளட்சை விட்டாள்.

டிராக்டர் பின்னால் பாய்ந்தது.

கொத்துக்கலப்பை போய்க் கல்தூணில் இடித்தது. பந்தல் முழுக்க ஒரு குலுங்கு குலுங்கி, அத்தனை கொடிகளும் தேக்கி வைத்திருந்த தண்ணீரை ஒரே தடவையில் அவர்கள் மேல் உதறின. இரண்டாவது கியரைப் போட்டாள். இன்னும் வேகமாகப் பின்னால் போகப் பார்த்தது. மூன்றாவதைப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஏசுதாசன் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். எஞ்சினைத் திருப்பி வைத்ததும் அது சுற்றுகிற திசையும் மாறிவிட்டது. அவன் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தப் பள்ளத்தாக்கில் மெக்கானிக்குகள் எல்லாரும் கிணற்றடியில் தொழில் பழகியவர்கள். பம்பு மாறிச் சுற்றினால் பெல்ட்டை எட்டுப் போலக் குறுக்கே போட்டுவிடுவார்கள், சரியாகிவிடும். எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முன்கூட்டியே கவலைப்படுகிற பழக்கமே யாருக்கும் இல்லை. இங்கேயும் குறுக்கே போட்டுப் பார்த்தான். கிணற்றில் ஆறடி தூரத்துக்கு ஓடுகிற பெல்ட் இங்கே ஒன்றரை அடியில் ஒன்றோடொன்று உரசிப் புகைந்து, கழன்று விழுந்தது. மூன்று தடவை மாட்டினான், மூன்று தடவையும் விழுந்தது.

"பட்டறைக்குக் கொண்டு போயி எஞ்சின் உக்கார வேற அடிக்கட்டை செய்யணும்க்கா. ரெண்டு நாளாகும். என்னை மன்னிச்சிருங்க." அவன் கண் கலங்கியிருந்தது.

இரண்டு நாள் என்பது ஜக்கம்மாவுக்கு இரண்டு நாள் இல்லை, ஆயுசுக்கும். நாளைக் காலையில் ஏர்க்கொழுவில் மஞ்சள் பூசி மாட்டைப் பூட்டுவார்கள். அவள் களைக்கொத்தோடு பின்னால் நடப்பாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கியர் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகமலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நேரம் போவதே தெரியவில்லை.

"தம்பி" என்றாள் திடீரென்று. "முன்னால போற கியரெல்லாம் பின்னால போகுதுல்ல?"

"ஆமாக்கா."

"அப்ப, பின்னால போற கியரு?"

ஏசுதாசன் நிமிர்ந்தான். ஓடிப் போய்ப் பெல்ட்டை நேராக மாட்டிக் கயிற்றை இழுத்தான்.

ரிவர்ஸ் கியரில் டிராக்டர் முன்னால் நகர்ந்தது. நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இருக்கிற கியர்களிலேயே மெதுவானது அதுதான். பிள்ளைத்தாச்சி நடக்கிற நடை. ஆனால் நல்ல இழுவை. கொத்துக்கலப்பையை இறக்கியதும் ஐந்து பல்லும் மண்ணுக்குள் முழுசாகப் போயின. பழைய எஞ்சின் இவ்வளவு ஆழம் போனதே கிடையாது.

அன்று மத்தியானம் முழுக்க ஜக்கம்மா எங்கே இருந்தாள் என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. கொடிகளின் நிழல் மடியில் ஏறி, முழங்கையில் ஊர்ந்து, முதுகுப் பக்கம் இறங்கியது. ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போவதற்குள் ஒரு பகல் கழிந்தது போல இருந்தது. மேலிருந்து சொட்டுகள் விழுந்தன. புரண்ட மண்ணின் வாசனை எழுந்தது. வரிசை முடிவில் மட்டும் விழித்துக்கொள்வாள். பின்னால் போக மூன்று கியர், முன்னால் போக ஒன்று என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு திருப்புவாள். அப்புறம் மறுபடி அந்த மெதுவான நகர்வு, மறுபடி அந்த மயக்கம். மாடு, சுருளி, வீரபாண்டி எல்லாரும் வேறு ஏதோ ஊரில் இருந்தார்கள். ஏசுதாசன் கேனில் மண்ணெண்ணெய் கொண்டு வந்து ஊற்றிவிட்டுப் போனது ஞாபகம் இருந்தது. சாப்பிட்டது ஞாபகம் இல்லை. சாப்பிடவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் வரப்பில் இரண்டு மாடுகளின் கொம்பு தெரிந்தது.

சுருளி மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தான். பக்கத்தில் வீரபாண்டி. எஞ்சின் சத்தத்துக்கு மேல் வீரபாண்டியின் குரல் நன்றாகவே கேட்டது. "மாப்ள, ஆமை இதைவிட வெரசாப் போகுமே! எறக்கி விட்டுட்டு மாட்டைப் பூட்டு. ஊரு சிரிச்சது போதும்."

தன் புருஷன் தனியாக இருந்தால் ஒரு மாதிரி, இந்த ஆள் பக்கத்தில் நின்றால் வேறு மாதிரி என்று ஜக்கம்மாவுக்குத் தெரியும். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வண்டி நின்றுகொண்டிருக்கிறது என்றாகிவிடும்.

சுருளி கயிற்றை வீரபாண்டியின் கையில் கொடுத்துவிட்டு உழவுக்குள் இறங்கினான். நடந்தான். காலால் ஒரு கட்டியைத் தட்டினான், அது உதிர்ந்தது. குனிந்து கையை மண்ணுக்குள் விட்டான். மணிக்கட்டைத் தாண்டிப் போனது. அப்படியே கொஞ்ச நேரம் குந்தியிருந்தான். பிறகு எழுந்து, இடுப்பில் கை வைத்து, தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். முகம் சிவந்தது.

"ஏய்!" என்று கத்தினான். "எங்க பாத்துக்கிட்டு ஓட்டுற? வாய்க்கா ஓரத்துல ஒரு சாண் அப்படியே கெடக்கு! அங்கன பாரு, மூணாவது வரிசையில கோடு எப்பிடிக் கோணிப் போச்சுன்னு! உழுகுறவளுக்கு இது கூடத் தெரியாதா?"

வீரபாண்டி சிரிப்பதற்குத் தயாராக வைத்திருந்த வாயை மூடிக்கொண்டான்.

குழம்பில் உப்பு கூடியதற்கு ஜக்கம்மா திட்டு வாங்கியிருக்கிறாள். களை விட்டுப்போனதற்கு, தண்ணீர் எடுக்கப் போய் நேரமானதற்கு, தம்பி வீட்டுக்குச் சொல்லாமல் போனதற்கு, எல்லாவற்றுக்கும் வாங்கியிருக்கிறாள். உழவு சரியில்லை என்று அவளை இதுவரை யாரும் திட்டியதில்லை. நாலு வருஷத்தில் அவனும் அவள் உழவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, பார்க்காதவன் போலவே இருந்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கக் கை எடுத்தால் கோடு கோணிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

"திரும்பி வர்றப்ப எடுத்துர்றேன் மாமா!" என்றாள் சத்தமாக.

"இருட்டுறதுக்குள்ள எடு" என்று சொல்லிவிட்டு, சுருளி மாடுகளைப் பாரவண்டி நிற்கிற பக்கம் ஓட்டிக்கொண்டு போனான்.