குமுதாவின் நேர்க்கோடு

அந்த ஆய்வுத் தலைப்பு தனக்குத்தான் என்று ரூபினி நம்பியிருந்தாள். தேயிலை கறுக்கும் வேகத்தை அளக்கும் ஆய்வு அது. அவளுடைய அப்பா திருச்செல்வம் கேமரன் மலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில், இலை புளிக்கும் அறையை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவர். வேறென்ன தகுதி வேண்டும்? ஆனால் விரிவுரையாளர் அந்த வினைவேகவியல் ஆய்வைக் கூடப் படிக்கும் கிள்ளான்காரி குமுதாவுக்குக் கொடுத்தார். ரூபினிக்குக் குவாண்டம் இயங்கியல். கணினி முன் உட்கார்ந்து ஒரு மூலக்கூறின் எலக்ட்ரான்களைக் கணக்குப் போடும் வேலை.

அதோடு விட்டாரா? "உங்க வீட்டுலயே குமுதா தங்கிக்கட்டுமே" என்றார். மறுக்க முடியாமல் ரூபினி தலையாட்டினாள்.

வந்த முதல் நாளே குமுதா அப்பாவோடு ஒட்டிக்கொண்டாள். "அங்கிள், வாசனைய வச்சே பதம் சொல்லிடுவீங்களா?" என்று அவள் கேட்க, அப்பா சோற்றை மறந்து பேசினார். இருபத்திரண்டு வருடக் கதை அத்தனையும் ஒரே இரவில் குமுதாவின் நோட்டுப் புத்தகத்துக்குப் போயிற்று. ரூபினியிடம் அவர் அதில் கால்வாசிகூடச் சொன்னதில்லை.

மறுநாள் தொழிற்சாலையில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு பிடி இலை எடுத்துக் கொடுத்தார். குமுதா அதைப் புட்டியில் அடைத்து நீட்ட, ரூபினி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். குளிர்ந்தால்தான் இலைக்குள் நடக்கும் வினை அடங்கும்; வீட்டுக்குப் போய்க் கருவியில் அளக்கும்வரை அப்படியே இருக்கும். ஒரு புட்டியை வைக்கும்போது ரூபினி உள்ளே பார்த்தாள். காலையில் தானா ராத்தா டவுனில் வாங்கிய ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது.

"ஐஸ் போதுமா?" என்று குமுதா கேட்டாள். "இங்கதான் குளிரா இருக்கே லா."

ரூபினி மூடியை அழுத்தி மூடினாள். "போதும், போதும்."

நான்கு நாளும் அப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் குமுதா வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்தாள். நேரம் ஏற ஏற இலையில் கறுக்காமல் மிஞ்சும் சத்து குறைந்து, கோடு சீராக இறங்க வேண்டும். இங்கே பத்தாம் நிமிட இலையும் ஐம்பதாம் நிமிட இலையும் ஒரே அளவில் நின்றன.

"அங்கிள், நேரத்தச் சரியாப் பாத்தீங்கதானே?"

அப்பாவின் முகம் சுருங்கியது. அன்று மாலையே மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை நகர்த்தி வைத்தார். "கண்ணு மங்கிடுச்சு போலம்மா. பாவம், இந்தப் பிள்ள உழைப்பக் கெடுத்துட்டேன்."

ரூபினியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "உங்க மேல தப்பு இல்லப்பா. ஐஸ் உருகிடுச்சு. பெட்டிக்குள்ளயும் இலை கறுத்துக்கிட்டே இருந்திருக்கு. முத நாளே பாத்தேன். சொல்லல."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த குமுதா அவளையே பார்த்தாள். "ஏன்?"

"எங்க அப்பா எங்கிட்ட இப்படிப் பேசினதே இல்ல."

குமுதா எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் படுத்தாள். அப்பா மட்டும், "அப்ப கடிகாரம் சரியாத்தான் ஓடுச்சா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். மகள் ஏன் மறைத்தாள் என்று அவர் கேட்கவேயில்லை. அதுதான் ரூபினிக்கு அதிகம் வலித்தது.

அடுத்த மூன்று நாளும் ரூபினியே ஐஸ் வாங்கி வந்து, உருக உருக நிரப்பினாள். கோடு அழகாக இறங்கியது. அப்பா அந்தத் தாளைத் தொழிற்சாலை முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார்.

பஸ் ஏறும்போது குமுதா ரூபினியிடம் சொன்னாள்: "சொன்னதுக்கு நன்றி. ஆனா மறக்க மாட்டேன்."

திரும்பும் வழியெல்லாம் அப்பா குமுதாவின் புத்திசாலித்தனத்தையே பேசிக்கொண்டு வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த ரூபினி பல்லைக் கடித்துக் கொஞ்ச தூரம் பொறுத்தாள்.

"அப்பா, என் பாடத்தப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். "நீ என்னைக்கும்மா சொன்ன? சொல்லு."

அவள் எலக்ட்ரானிலிருந்து தொடங்கினாள். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வேகத்தைக் கூட்டவில்லை.